கடைமடையில் விளையாத குறுவை

என் சொந்தக் கைபேசி எண்ணை யாராவது கேட்டால் ஒரு நொடி யோசித்துத்தான் சொல்வேன். ஆனால் அந்த மனுஷனுடைய எண்ணைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் பத்து இலக்கத்தையும் தடுக்காமல் ஒப்பிப்பேன். அது என் கணவர் எண் இல்லை, கூடப்பிறந்தவர் எண்ணும் இல்லை. எனக்கு வரிக்கணக்குப் போட்டுக் கொடுத்தவரின் எண். ஐந்து வருஷம் அரசாங்கத்தைப் பொறுத்தவரை நான் என்றால் அந்த எண்தான். கோபம் ஆறியபிறகு நிதானமாக உட்கார்ந்து எழுதுகிறேன் என்று யாரும் நினைத்துக்கொள்ள வேண்டாம். ஆறவில்லை. ஆறவைக்க நான் முயற்சி செய்யவும் இல்லை.

பூதலூரில் ரயில் நிலையத்துக்குப் போகிற சாலையில் எனக்கு மோட்டார், பைப் கடை. போர் மோட்டார், பி.வி.சி. பைப், வால்வு, எல்போ, வயலுக்குத் தண்ணீர் இறைக்கிற ஹோஸ் எல்லாம் வைத்திருக்கிறேன். ஆற்றில் தண்ணீர் தாமதமாக வருகிற வருஷம் எனக்கு வியாபாரம் நன்றாக இருக்கும். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் அதுதான் நிஜம். கணவர் சிங்கப்பூரில் வெல்டர், இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை வருவார். கடை என் பொறுப்பு.

வரிக்கணக்குக்காரரை ஊரே ஆடிட்டர் என்று கூப்பிடும். அவர் ஆடிட்டர் இல்லை. தஞ்சாவூரில் ஒரு ஆடிட்டர் அலுவலகத்தில் பல வருஷம் வேலை பார்த்துவிட்டுத் தனியாக வந்து போர்டு மாட்டியவர். எங்கள் பக்கத்தில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து வரிப் படிவம் நிரப்புகிறவர் யாராக இருந்தாலும் ஆடிட்டர்தான். நெற்றியில் திருநீறு, வெள்ளைச் சட்டை, பையில் இரண்டு பேனா, வாய் நிறைய ‘தங்கச்சி’. அவர் என்று மரியாதையாக எழுதுவது என் வளர்ப்பு. மனசுக்குள் வேறு வார்த்தை ஓடிக்கொண்டிருக்கிறது.

ஜி.எஸ்.டி. வந்த வருஷம் கடையைப் பதிவு செய்ய அவரிடம் போனேன். கைபேசி எண் கேட்டார். நான் என்ன சொன்னேன் என்பதை இன்றைக்கு நினைத்தாலும் என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ளலாம் போல இருக்கிறது.

“உங்க நம்பரையே போட்டுக்குங்கண்ணே. எனக்கு மெசேஜ் வந்தா என்ன புரியப் போவுது.”

இந்தச் சாலையில் இருக்கிற உரக்கடை, மாவு மில், டீக்கடை, நகைப்பட்டறை எல்லாரும் இதையேதான் சொன்னார்கள். யாருக்கும் அது தப்பாகப் படவில்லை. அரசாங்கத்திடமிருந்து ஒரு கடிதம் வந்தாலே பதறுகிற ஊர் இது. அந்தக் கடிதம் நம்மிடம் வராமல் வேறொருவரிடம் போய்விடுமென்றால் அதைவிட நிம்மதி என்ன இருக்கிறது? வருமான வரிக்கும் அதே எண்ணைப் போட்டு, மின்னஞ்சலும் அவரே உண்டாக்கினார். கடவுச்சொல்லையும் அவரே வைத்தார். எல்லாருக்கும் ஒரே கடவுச்சொல் என்பது பின்னால்தான் எனக்குத் தெரியவந்தது. நான் பி.காம். படித்தவள். தஞ்சாவூரில் மூன்று வருஷம் பஸ்ஸில் போய்வந்து, முதல் வகுப்பில் தேறியவள். அந்தப் படிப்பைப் பரணில் போட்டுவிட்டு இப்படி ஒரு வார்த்தை சொன்னேன்.

அடுத்தது வரியைக் குறைக்கிற யோசனை. இதிலும் என் பங்கு இருக்கிறது, மறைக்க மாட்டேன். என் மாமனார் சாவதற்கு முன் என் பேருக்கு ஆறு ஏக்கர் முப்பத்தேழு சென்ட் எழுதிவைத்திருந்தார். கிட்டத்தட்ட ஒரு வேலி நிலம். பட்டுக்கோட்டைக்கும் தெற்கே, வாய்க்கால் முடிகிற இடம். கடைமடை. தலைமடைக்காரர்கள் நாற்றுப் பறிக்கும்போதுதான் அங்கே வாய்க்காலில் ஈரம் தெரியும். சம்பா ஒரு போகம் கைக்கு வந்தாலே பெரிய விஷயம், அதற்கு முந்திய குறுவைப் போகத்தை அங்கே யாரும் நினைத்தே பார்க்க மாட்டார்கள். அந்த நிலத்தின் பட்டா, சிட்டா நகலையெல்லாம் அவர் வாங்கி வைத்துக்கொண்டார். விவசாய வருமானத்துக்கு வரி கிடையாது, கடை லாபத்தில் ஒரு பகுதியை வயலில் வந்ததாகக் காட்டிவிடலாம், டெல்டாவில் எல்லாரும் செய்கிறதுதான், நிலம் இருக்கிறவரை யார் கேட்கப்போகிறார்கள் என்றார். நானும் சிரித்துக்கொண்டே தலையாட்டினேன். வரி குறைந்தால் கசக்குமா? என் தலையில் மிளகாய் அரைக்க நானே அம்மியை எடுத்துக் கொடுத்தேன்.

இப்படி ஐந்து வருஷம் ஓடியது. பிறகு கட்டடம் விலைக்கு வந்தது.

நான் கடை வைத்திருந்தது வாடகைக் கட்டடம். சொந்தக்காரர் ஓய்வுபெற்ற வாத்தியார், மகனோடு சென்னைக்குப் போய்விட்டவர். ஒருநாள் அவர் கூப்பிட்டு, இடத்தை விற்கப்போகிறேன், இத்தனை வருஷம் ஒழுங்காக இருந்தாய், முதலில் உன்னிடம்தான் கேட்கிறேன், மூன்று மாதம் பொறுக்கிறேன் என்றார். அந்தக் கட்டடம் எனக்கு வெறும் செங்கல் சுவர் இல்லை. கல்யாணமாகி வந்து, புருஷன் வெளிநாடு போய், ‘பொம்பள மோட்டார் விக்கிறாளாம்’ என்று சிரித்தவர்களுக்கு முன்னால் நான் நின்று காட்டிய இடம். இருபதடிப் பைப்பைப் படுக்கவைக்க அதைப்போல நீளமான இடம் அந்தச் சாலையில் வேறு கிடையாது. அது எனக்கு வேண்டும் என்று நினைத்ததுபோல வாழ்க்கையில் வேறு எதையும் நினைத்ததில்லை.

அதை நான் முதலில் யாரிடம் சொன்னேன்? சிங்கப்பூரில் இருக்கிற புருஷனிடம் இல்லை. ஆடிட்டரிடம். எங்கள் ஊரில் அப்படித்தான். கூடப்பிறந்தவர்களிடம் சொல்லாத சேமிப்பு, மாமியாருக்குத் தெரியாத நகை, எல்லாம் அவருக்குத் தெரியும். விலை எவ்வளவு, வாத்தியார் எவ்வளவு நாள் பொறுப்பார், என்னிடம் எவ்வளவு இருக்கிறது, வங்கியில் எவ்வளவு கேட்கப்போகிறேன் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். ஒவ்வொன்றாகச் சொன்னேன். மூன்று வருஷக் கணக்கை அழகாகப் பைண்டு போட்டுக் கொடுத்தார். ‘ஜாம் ஜாம்னு நடக்கும் தங்கச்சி’ என்று வாழ்த்தியும் அனுப்பினார்.

வங்கியில் கடன் பிரிவு அதிகாரி ஒரு பெண். தாள்களைப் புரட்டிக்கொண்டே வந்தவர் ஒரு வருஷத்துக் கணக்கில் நின்றார். நிலம் எந்த ஊர் என்று கேட்டார். சொன்னேன். அடங்கல் நகலைக் கொண்டுவரச் சொன்னார். எந்த வயலில் எந்தப் பருவத்தில் என்ன பயிர் என்று கிராம நிர்வாக அலுவலர் எழுதிவைக்கிற பதிவேடு அது. இரண்டு நாளில் வாங்கிக்கொண்டு போனேன். அவர் அதையும் என் வரிக்கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்.

“நான் பட்டுக்கோட்டைதாம்மா. எங்க அப்பாவுக்கும் அந்தப் பக்கம்தான் நெலம். அந்த வருஷம் அங்க தண்ணியே வரல. அடங்கல்ல தரிசுன்னு போட்டிருக்கு. நீங்க குறுவையில லாபம்னு காட்டியிருக்கீங்க. கடைமடையில குறுவை எப்படிம்மா வெளைஞ்சுது?”

அவர் கேலியாகக் கேட்கவில்லை. அந்தத் தாளை என் பக்கம் இழுத்துப் பார்த்தேன். எனக்கு அந்தக் கணக்கில் குறுவை இருப்பதே தெரியாது. கையெழுத்துப் போடுகிற இடத்தில் பென்சிலால் ஒரு பெருக்கல் குறி இருக்கும், அங்கே போடுவேன், அவ்வளவுதான். கடையில் வந்த லாபத்தையும் வயல் தின்றுவிட்டதால், கட்டடம் வாங்குகிற அளவுக்குக் கடைக்கு வருமானம் இருப்பதாகத் தாளில் தெரியவில்லை என்றும் சொன்னார். முதலில் வரி அலுவலகத்தில் போய் என் கணக்கு எந்த நிலையில் இருக்கிறது என்று பார்க்கச் சொன்னார்.

தஞ்சாவூருக்குப் போனேன். அங்கே ஒரு அதிகாரி திரையைப் பார்த்துவிட்டு, விவசாய வருமானத்துக்கு ஆதாரம் கேட்டு மூன்று தடவை எழுதியிருக்கிறோம், பதிலே இல்லையே என்றார். எனக்கு ஒன்றும் வரவில்லை என்றேன். உங்கள் எண்ணுக்குத்தான் போயிருக்கிறது என்று திரையை என் பக்கம் திருப்பினார். அந்தப் பத்து இலக்கம். அப்போதுதான் அது எனக்கு மனப்பாடமானது.

வெளியே வந்து ஆடிட்டருக்குப் போன் அடித்தேன். எடுக்கவில்லை. பத்து தடவை அடித்திருப்பேன். அடுத்த நாள் எடுத்து, சர்வர் பிரச்சினை தங்கச்சி, நான் பாத்துக்கறேன் என்றார். பார்த்துக்கொள்ளவில்லை. நகையை அடகு வைத்து, வேறொருவரைப் பிடித்து, உண்மையான கணக்கைக் காட்டி, வரியும் அபராதமும் கட்டி நான் நிமிர்ந்தபோது இரண்டரை மாதம் போயிருந்தது. இன்னும் பதினைந்து நாள் இருக்கிறதே என்று வங்கிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். அந்தக் காலையில் வாத்தியார் கூப்பிட்டார். இடம் வேறொருவர் பேருக்குப் பத்திரப்பதிவாகிவிட்டது என்றார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. மூன்று மாதம் சொன்னீர்களே ஐயா என்றேன்.

“உன் ஆடிட்டரே வந்து சொன்னாரும்மா. உனக்கு லோன் ஆவாதுன்னு. நீ சொல்ல சங்கடப்படறேன்னு. அவரு சம்சாரம் பேருக்கு முடிச்சாச்சு.”

வேண்டுமென்றே என் கணக்கைக் கெடுத்தாரா, சோம்பேறித்தனத்தில் கெடுத்துவிட்டு அதில் லாபம் பார்த்தாரா? முதல் வருஷம் குறுவை எழுதியபோது கட்டடம் விலைக்கு வரும் என்று அவருக்குத் தெரிந்திருக்க முடியாதுதான். ஆனால் கடன் கிடைக்காது என்று தெரிந்தேதான் பைண்டு போட்டுக் கொடுத்திருக்கிறார். அது போதும் எனக்கு.

அதே வாரம் கடைக்கு வந்தார். அதே வெள்ளைச் சட்டை, அதே இரண்டு பேனா. உள்ளே வந்து சுவரைத் தட்டிப்பார்த்தார். என் கடைச் சுவரை. தான் வாங்காவிட்டால் வெளியூர்க்காரன் எவனாவது வாங்கியிருப்பான் என்றும், ஆபீஸை இங்கே மாற்றப்போவதாகவும் சொன்னார். பிறகு என்னைப் பார்த்துச் சிரித்தார்.

“ரெண்டு மாசம் டைம் தர்றேன் தங்கச்சி. வேற ஆளா இருந்தா ஒரு மாசம்தான். உங்களுக்காகத்தான் ரெண்டு.”

பேசினால் கையில் இருந்த பைப் ரென்ச்சால்தான் பேசியிருப்பேன். நீ நாசமாகப் போவாய், அதை நான் பார்ப்பேன் என்று மட்டும் உள்ளுக்குள் சொல்லிக்கொண்டேன். சாபம் விட்டுவிட்டு வீட்டில் போய் அழுகிற ஜாதி இல்லை நான். பார்ப்பேன் என்றால் பார்க்கத்தான் செய்வேன்.

எதிர்ப்பக்கத்தில் ஒரு தகரக் கொட்டகை கிடைத்தது. பாதி நீளம். பைப்பையெல்லாம் சாய்த்துத்தான் வைக்க முடியும். மழை பெய்தால் வாடிக்கையாளர் சொல்வது காதில் விழாது. கல்லாவில் உட்கார்ந்தால் நேரே என் பழைய கடை தெரியும். அவர் அதற்கு நீலப் பெயிண்ட் அடித்தார். வெளிச்சுவரில் ‘வரி ஆலோசனை’ என்று எழுதி, கீழே அந்தப் பத்து இலக்கத்தையும் ஒவ்வொன்றும் ஒரு முழ உயரத்துக்கு எழுதிவைத்தார். காலையில் ஷட்டரைத் தூக்கினால் அதில்தான் விழிப்பேன். வயிறு எரியும். அந்த எரிச்சலை நான் அணையவிடவில்லை, அதில்தான் என் உலை கொதித்தது.

மத்தியான வெயிலில் கடைக்கு யாரும் வரமாட்டார்கள். அந்த இரண்டு மணி நேரம் பரணில் கிடந்த பி.காமை எடுத்துத் தூசி தட்டினேன். சட்டப் புத்தகம் வாங்கினேன். ஜி.எஸ்.டி. கணக்கு தாக்கல் செய்கிறவர்களுக்கு ஒரு தேர்வு உண்டு. முதல் தடவை தவறிவிட்டேன். அவருக்கு அது எப்படியோ தெரிந்து, டீக்கடையில் சொல்லிச் சிரித்தாராம். இரண்டாம் தடவை தேறினேன். டீக்கடைக்காரருக்கு ஸ்வீட் கொடுத்தேன். அவரிடமும் சொல்லுங்கள் என்றேன்.

கொட்டகையின் ஒரு மூலையில் ஒரு மேஜை போட்டேன். புதன்கிழமை மட்டும், யாருக்கு அரசாங்கத்திலிருந்து என்ன கடிதம் வந்தாலும் படித்துச் சொல்வேன், காசு வேண்டாம் என்றேன். முதலில் வந்தது உரக்கடைக்காரர். தயங்கித் தயங்கி வந்தார். அவர் பதிவில் இருந்த எண்ணைப் பார்த்தேன். எனக்குத் தெரிந்த எண்தான்.

என் பழிவாங்கல் என்ன என்பது அந்தக் கணத்தில்தான் எனக்குப் பிடிபட்டது. அவரைப் பற்றி நான் யாரிடமும் ஒரு சொல்கூடத் தப்பாகச் சொல்லவில்லை. வருகிறவர்களிடம் ஒன்றே ஒன்றுதான் சொன்னேன். உங்கள் கணக்கில் உங்கள் எண் இருக்கவேண்டும். கடவுச்சொல்லை மாற்றப்போனால் பழைய எண்ணுக்கு ஆறு இலக்கம் வரும். எதிரே போய் அவரிடம் கேட்டு வாங்கிவாருங்கள். அவ்வளவுதான். மீதியை அந்த ஆறு இலக்கம் பார்த்துக்கொண்டது.

உரக்கடைக்காரர் சாலையைக் கடந்து போனார். கொஞ்ச நேரத்தில் முகம் சிவந்து ஒரு தாளில் ஆறு எண்ணோடு வந்தார். திறந்து பார்த்தால் பதில் போடாத நோட்டீஸ் இரண்டு. அடுத்த புதன் மாவு மில்காரர். அதற்கடுத்த புதன் நகைப்பட்டறைக்காரரும் அவர் தம்பியும். அவரிடம் கணக்குக் கொடுத்திருந்த வெளியூர்க்காரர்களும் கேள்விப்பட்டு வர ஆரம்பித்தார்கள். கூத்தாநல்லூரிலிருந்து ஒரு பாய் இரண்டு பஸ் மாறி வந்தார். அவருக்கு நிலம் என்று ஒரு சென்ட்கூட இல்லை. அவர் கணக்கிலும் நெல் விளைந்திருந்தது. அந்த மனுஷர் சிரித்த சிரிப்பில் கொட்டகைத் தகரமே அதிர்ந்தது. பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, அபராதம் எவ்வளவும்மா வரும் என்று கேட்டார்.

எதிரே புதன்கிழமை என்றால் அவர் கைபேசி சிணுங்கிக்கொண்டே இருக்கும். முதலில் எண்ணைச் சொல்லிக்கொண்டிருந்தார். பிறகு போனை அணைத்து வைத்தார். அவர் சொல்லமாட்டேன் என்று திருப்பி அனுப்பியவர்களை வரி அலுவலகத்துக்கே கூட்டிப்போய் நேரில் மாற்ற வைத்தேன். ஒருநாள் பொறுக்க முடியாமல் சாலையைக் கடந்து வந்துவிட்டார். கடையில் ஆட்கள் இருந்தார்கள்.

“என் சோத்துல மண்ணள்ளிப் போடறியே, நீ நல்லாருப்பியா?”

‘நீங்க’ போய் ‘நீ’ ஆகியிருந்தது. ‘தங்கச்சி’யையும் காணோம்.

“நான் என்னண்ணே செஞ்சேன்? அவங்கவங்க நம்பர அவங்கவங்க கேக்கறாங்க” என்றேன்.

வால்வு வாங்க வந்தவர் குனிந்து சிரித்தார். அன்றைக்கு நான் இரண்டு டம்ளர் காபி குடித்தேன்.

இரண்டு வருஷத்தில் எதிர்ச் சுவரின் நீலம் வெளுத்துவிட்டது. பெஞ்சில் உட்கார ஆள் இல்லை. எனக்குப் போதுமா என்றால் போதாது. அவர் அந்தக் கட்டடத்துக்குள்தானே உட்கார்ந்திருந்தார்?

பிறகு ஒரு புதன்கிழமை மேஜைக்கு எதிரே ஒரு பெண் வந்து உட்கார்ந்தாள். நாற்பது வயது இருக்கும். ஜவுளிக்கடைப் பையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்து வைத்தாள். பெயரைப் பார்த்தேன், முகவரியைப் பார்த்தேன். அவருடைய மனைவி. என் கட்டடத்தின் சொந்தக்காரி. அதற்கு முன் அவளைக் கோயிலில் இரண்டொரு தடவை பார்த்ததோடு சரி.

தபால்காரர் அவளிடம் கையெழுத்து வாங்கிக் கொடுத்துவிட்டுப் போன கடிதம். புருஷனிடம் காட்டியதற்குத் தூக்கிப் போடு என்றாராம். போட மனசு வரவில்லை. ஊரில் எல்லாரும் கடிதம் வந்தால் பைப் கடைக்குத்தானே போகிறார்கள் என்று வந்திருக்கிறாள். நான் யார், என்ன நடந்தது என்பதெல்லாம் தெரியும் என்றும், தெரிந்துதான் வந்தேன் என்றும் தலையைக் குனிந்துகொண்டு சொன்னாள்.

படித்தேன். கட்டடம் வாங்கிய பணம் உங்களுக்கு எங்கிருந்து வந்தது என்று கேட்டிருந்தார்கள். பதில் சொல்ல இன்னும் ஒன்பது நாள் இருந்தது.

என் உள்ளே ஒருத்தி எழுந்து கும்மியடித்தாள். வேறொன்றும் செய்யவேண்டாம், எனக்கு நேரமில்லை என்று சொல்லி அனுப்பினால் போதும். ஒன்பது நாள் கழியும். மீதி தானாக நடக்கும். இரண்டு வருஷமாக நான் வேண்டிக்கொண்டது தாளாகவே என் மேஜைக்கு வந்திருந்தது. ஆனால் அதில் இருந்தது அவர் பெயர் இல்லையே. மாட்டப்போவது இவள். அவர் வெள்ளைச் சட்டையில் கறைபடாமல் இந்தத் தடவையும் நழுவிவிடுவார். அதை நினைத்ததும்தான் கணினியைத் திறந்தேன். இரக்கம் என்று யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

அவள் கணக்கிலும் அதே பத்து இலக்கம். ஆறு எண் அவர் போனுக்குப் போனது. கூப்பிட்டுக் கேள் என்றேன். அவள் போனை மேஜைமேல் வைத்து ஸ்பீக்கரில் போட்டாள்.

“ஒங்க போனுக்கு ஆறு நம்பர் வந்திருக்கும். அதைச் சொல்லுங்க.”

“எதுக்கு? நீ யாருகிட்ட ஒக்காந்திருக்க?”

“எதிர்ல. பைப் கடை அக்காகிட்ட.”

அந்த நேரம் ரயில் ஒன்று ஊதிக்கொண்டு போனது. போனுக்குள்ளும் கேட்டது, வாசலிலும் கேட்டது. பிறகு அவர், எழுந்து வீட்டுக்குப் போ, பேசிக்கலாம் என்றார்.

“கடுதாசி என் பேருக்கு வந்திருக்குங்க. நம்பர் சொல்றீங்களா, இல்ல நான் அங்க வந்து வாசல்ல நின்னு கேக்கட்டுமா?”

அவர் சொன்னார். ஒவ்வொரு எண்ணாகச் சொன்னார். நான் தட்டினேன். இத்தனை பேரை அவரிடமிருந்து வாங்கிவரச் சொன்ன ஆறு எண்ணை அவர் வாயால் சொல்லி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான். ஆறாவது எண்ணைச் சொல்லும்போது குரல் உடைந்தது. தேன் வந்து பாய்ந்தது காதில்.

அவள் கணக்கு திறந்தது. கட்டடம் வாங்கிய வருஷத்துக்குப் போனேன். விவசாய வருமானம் என்று கொழுத்த தொகை. எங்களுக்கு நெலமே கெடையாதேக்கா என்றாள் அவள். எந்த நிலம் என்று கீழே இறங்கிப் பார்த்தேன். மாவட்டம் இருந்தது, அஞ்சல் குறியீட்டு எண் இருந்தது. பரப்பளவு ஆறு ஏக்கர் முப்பத்தேழு சென்ட்.

என் நிலம். பட்டுக்கோட்டைக்குத் தெற்கே, வாய்க்கால் முடிகிற இடத்தில், என் மாமனார் எனக்கு எழுதிவைத்த நிலம். நான் கொடுத்த சிட்டா நகலைப் பார்த்தே எழுதியிருக்கிறார். யார் யாரிடமிருந்தோ சுருட்டிய பணத்தை என் வயலில் விளைய வைத்திருக்கிறார். அதே விளையாத குறுவையைக் காட்டி எனக்குக் கிடைக்கவேண்டிய கடனைக் கெடுத்தார். அதே விளையாத குறுவையைக் காட்டி என் கடையை வாங்கினார். நாற்காலியை விட்டு எழுந்து வாசலில் போய்க் கொஞ்ச நேரம் நின்றேன்.

திரும்பி வந்து அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஒன்றையும் பூசிமெழுகவில்லை. அவள் அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. உண்மையை எழுதி வரியும் அபராதமும் கட்டுவதென்றால் பணத்துக்கு எங்கே போவது என்று கேட்டாள். கொஞ்ச நேரம் எதிர்ச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அந்தக் கட்டடம் என் பேர்லதானே இருக்கு? நான் வித்தா அவரால தடுக்க முடியுமாக்கா?”

“முடியாது” என்றேன்.

அவளைத் தஞ்சாவூரில் நிஜமான ஆடிட்டர் ஒருவரிடம் கூட்டிப்போனேன். அவர்தான் பதில் எழுதினார். கணக்கில் அவள் எண்ணைப் போட்டார்கள். கட்டடத்துக்கு நான் விலை சொல்லவில்லை, வங்கி மதிப்பீட்டாளர் சொன்ன விலையை ஒரு ரூபாய் குறைக்காமல் கொடுத்தேன். அவள் வயிற்றில் அடித்து எனக்கு ஒன்றும் வேண்டாம். கடனுக்குப் போனபோது என் கணக்கில் எல்லாமே கடையில் வந்ததாக இருந்தது. வங்கியில் அந்தப் பட்டுக்கோட்டை அம்மா மாற்றலாகிப் போயிருந்தார். இருந்திருந்தால் அடங்கலைக் காட்டியிருப்பேன்.

பத்திரம் முடிந்த மறுநாள் சாலையைக் கடந்து போனேன். அவர் மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். எழுந்திருக்கவில்லை. நான் சுவரைத் தட்டிப்பார்த்தேன். இரண்டு வருஷமாக மனப்பாடம் செய்து வைத்திருந்ததை நிதானமாகச் சொன்னேன்.

“ரெண்டு மாசம் டைம் தர்றேங்கண்ணே. வேற ஆளா இருந்தா ஒரு மாசம்தான். உங்களுக்காகத்தான் ரெண்டு.”

அவர் பேனாவை மூடிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். சந்தோஷமாக இருந்ததா என்று கேட்டால், இருந்தது. இன்றைக்கும் நினைத்தால் இருக்கிறது. பெரிய மனசு பண்ணி விட்டுக்கொடுத்திருக்கலாமே என்று என் கணவர் போனில் சொன்னார். நீங்கள் வெல்டிங்கைப் பாருங்கள் என்றேன்.

இரண்டு மாதம் முடிவதற்கு முன்பே காலிசெய்து சாவியை மனைவியிடம் கொடுத்தனுப்பினார். பெயிண்டர் வருகிறேன் என்றார், உள்பக்கம் மட்டும் போதும் என்று சொல்லிவிட்டேன். வெளிச்சுவருக்கு நானே ஏணி போட்டு ஏறினேன். சாலையில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். இடது பக்கத்திலிருந்து ஒவ்வொரு இலக்கமாக வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே வெள்ளை அடித்தேன். எண் எழுதிய பெயிண்ட் அழுத்தமாக இருந்ததால் முதல் பூச்சில் எண் மறையவில்லை. காயவிட்டு, மறுபடியும் ஏறி இரண்டாவது பூச்சும் அடித்தேன்.